பிளாஸ்டிக் ரசாயனம் பார்க்கும் சிறுநீர் கிட்: வாங்கினேன், 5க்கு 2

குழந்தைக்காக முயற்சி செய்துகொண்டிருக்கும் நேரத்தில் போனைத் திறந்தாலே 'உங்கள் உடம்பில் எவ்வளவு பிளாஸ்டிக் தெரியுமா' என்று விளம்பரம் வந்து நிற்கும். ஒரு ராத்திரி தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோது ஆர்டர் போட்டுவிட்டேன். வீட்டிலேயே சிறுநீர் பிடித்து அனுப்பினால் பிபிஏ (கெட்டி பிளாஸ்டிக்கில் இருப்பது), தாலேட் (பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்கவும் வாசனைப் பொருட்களிலும் போடுவது), பாரபென் (அழகுப் பொருட்கள் கெடாமலிருக்கப் போடுவது) மூன்றையும் அளந்து சொல்கிற கிட். கம்பெனி பெயர் வேண்டாம்.

பெட்டியைக் குறை சொல்ல முடியாது. மூடி போட்ட இரண்டு கப், ஐஸ் பேக், பெயர் எழுத லேபிள், திருப்பி அனுப்பக் கவர், எல்லாம் ஒழுங்காக இருந்தது. ரிப்போர்ட்தான் வேடிக்கை. வண்டி ஸ்பீடோமீட்டர் மாதிரி மூன்று வட்டம், மூன்று முள். எனக்குத் தாலேட் முள் சிவப்பில் போய் இடித்துக்கொண்டு நின்றது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. அதற்கு நேர் கீழே, கண்ணை இன்னும் எடுக்கவில்லை, 'டீடாக்ஸ்' மாத்திரை வாங்க ஒரு பட்டன்!

அந்தப் பட்டனைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. உட்கார்ந்து படித்தேன். பிபிஏவும் தாலேட்டும் உடம்பில் தங்குகிற சாமான் இல்லை, பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரிலேயே போய்விடும். அப்படியென்றால் இந்த முள் காட்டுவது என் நேற்றைய நாளை. முந்தின நாள் சாயங்காலம் நான் என்ன செய்தேன்? சென்ட் அடித்துக்கொண்டு வெளியே போனேன். சென்ட்டில் வாசனை நிற்பதற்குப் போடுகிற டைஎதில் தாலேட் ஒரு வகை, மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக்கில் இருக்கும் டிஇஎச்பி வேறு வகை. பாஸ்டனில் 2004 முதல் நடந்த எர்த் ஆய்வில், ஐவிஎஃப் செய்துகொண்ட பெண்களிடம் கருமுட்டை எண்ணிக்கை குறைவதோடு சேர்த்துப் பேசப்பட்டது இந்த டிஇஎச்பிதான். என் ரிப்போர்ட்டில் எது எவ்வளவு என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே முள்ளில் கொட்டிவிட்டார்கள்.

சரி, இன்னொரு கப் இருக்கிறதே. மாத்திரையைத் தொடவில்லை. 3 நாள் சென்ட், வாசனை லோஷன், நகப்பூச்சு மூன்றையும் நிறுத்திவிட்டு அனுப்பினேன். முள் மஞ்சளுக்கு இறங்கிவிட்டது. இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, கலிபோர்னியாவில் ஹெர்மோசா என்ற ஆய்வில் 100 பதின்வயதுப் பெண்களுக்கு 3 நாள் வேறு அழகுப் பொருட்கள் கொடுத்துப் பார்த்தார்கள், 2016இல் முடிவு வெளியானது. சென்ட் வகைத் தாலேட்டின் எச்சம் 27 சதவீதம் குறைந்தது. ஆனால் பாரபெனில் இரண்டு வகை குறைய, வேறு இரண்டு வகை கூடிவிட்டது. பாரபென் இல்லாத பொருளாகப் பார்த்துத்தான் கொடுத்திருந்தார்கள், அப்படியும்!

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது பிபிஏ விஷயத்தில். அந்த முள் இரண்டு முறையும் பச்சை, கூடவே 'வாழ்த்துகள்' வேறு. நான் 'பிபிஏ ஃப்ரீ' பாட்டிலில் குடிக்கிறவள், பச்சைதான் வரும். அந்த இடத்தில், பிபிஏவுக்குப் பதிலாகப் போடுகிற அதன் சொந்தக்கார ரசாயனம் பிபிஎஸ் இருந்தால்? கிட் அதை அளப்பதே இல்லை. 1998இல் பாட்ரிசியா ஹன்ட் என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில் யாரோ எலிக்கூண்டுகளைத் தரை துடைக்கும் கடுமையான சோப்பால் கழுவிவிட்டார்கள். கூண்டின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அரித்து பிபிஏ கசிந்தது. அதுவரை 1, 2 சதவீதமாக இருந்த கோளாறான முட்டைகள், அதாவது குரோமோசோம் வரிசையில் நிற்காமல் கலைந்து கிடந்தவை, 40 சதவீதத்துக்கு எகிறின. எந்த ரசாயனமும் கொடுக்காத, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த எலிகளில் நடந்தது இது. அப்புறம் கூண்டுகளை வேறு பிளாஸ்டிக்குக்கு மாற்றினார்கள். 20 வருஷம் கழித்து அதே ஆய்வகம், புதுக் கூண்டுகளில் சேதமானவற்றிலிருந்து பிபிஎஸ் கசிந்து மறுபடி அதே மாதிரிக் கோளாறு என்று 2018இல் எழுதியது. எலிதான், பெண் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டு அந்த 'வாழ்த்துகள்' என்ற வார்த்தையைப் படித்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

டாக்டரிடம் காட்டினேன். முள்ளை ஒரு நொடி பார்த்துவிட்டு, வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா என்றுதான் கேட்டார். பிடிக்கிற பெண்களுக்கு மாதவிடாய் ஒன்றிரண்டு வருஷம் முன்னாலேயே நின்றுவிடுகிறதாம். கிட்டின் கேள்வித்தாளில் அந்தக் கேள்வியே கிடையாது என்று நான் சொன்னதும் சிரித்தார்.

யாராவது வாங்கியே தீருவேன் என்றால் இரண்டு கப் உள்ளதை வாங்குங்கள், ஏதாவது ஒன்றை நிறுத்துவதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒற்றைக் கப் வீண். முதல் கப் அன்று தண்ணீரே சரியாகக் குடிக்காமல் சிறுநீர் கெட்டியாகப் போயிருந்தது, அதைக் கணக்கில் எடுத்தீர்களா, பிபிஎஸ் எப்போது சேர்ப்பீர்கள் என்று இரண்டு கேள்வி எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. மாத்திரைக்குத் தள்ளுபடி என்று மட்டும் வாரம் தவறாமல் மெயில் வருகிறது.