சேலம் ஓடுபாதையும் நான்கு ஆண்டு வானிலைச் செயலிகளும்

தனியார் விமானி உரிமம் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சொந்த விமானமெல்லாம் கிடையாது. ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்திலிருந்து, நான்கு இருக்கை செஸ்னா 172-ஐ மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து மாதம் இரண்டு முறை பறப்பேன். பெரும்பாலும் கோவைக்குத்தான். நேர்கோட்டில் சுமார் 75 கடல் மைல்; காற்று குறுக்கிடாவிட்டால் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்துக்காக இரண்டு நாளாகப் போனைத் தடவிக்கொண்டிருக்கிறேன் என்பது வீட்டில் என்மேல் உள்ள புகார்.

கொங்கு நாட்டில் பறப்பவனுக்குப் பாலக்காட்டுக் கணவாய்தான் முதல் பாடம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் வாசல் அது. ஜூன் பிறந்துவிட்டால் தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே வரும். பல்லடம், உடுமலைக் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. ஆடிக்காற்றில் அம்மி பறக்குமோ என்னவோ, செஸ்னா பக்கவாட்டில் பறக்கும்.

இந்தக் காற்று விஷயத்தில் விண்டி செயலி என் கையை விட்டதில்லை. தரைக் காற்றோடு நிற்காமல் 925, 850 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மட்டங்களையும், அதாவது ஏறத்தாழ 2,500 அடியையும் 5,000 அடியையும், தனித்தனியே பார்க்கலாம். தரையில் 12 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காட்டும் அதே காலையில் 2,500 அடியில் 30 நாட் இருக்கும். கோவை போகும்போது அது எதிர்க்காற்று. முக்கால் மணி நேரம் ஒரு மணியைத் தாண்டிவிடும். எரிபொருள் கணக்கும் மாறிவிடும். கோவை ஓடுபாதை 05/23, அதாவது 50, 230 பாகைத் திசைகளில் நீள்வது; தென்மேற்குக் காற்று இறங்கும்போது ஏறக்குறைய மூக்குக்கு நேராக வரும். சேலத்தின் 04/22-இல் காற்று மேற்கே திரும்பிவிட்டால் அந்த வசதி இல்லை. நேர் மேற்கிலிருந்து 20 நாட் அடித்தால் அதில் 15 நாட் பக்கக் காற்று. செஸ்னா 172-இல் சோதித்துக் காட்டப்பட்ட அளவே 15 நாட்தான். பக்கக் காற்று 10 நாட் அளவைத் தாண்டினால் நான் பறக்கமாட்டேன். டீ குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

மார்கழிப் பனிக்குச் செயலியே வேண்டாம். பார்வைத் தூரம் 5 கிலோமீட்டருக்குக் குறைந்தால் கண்ணை நம்பிப் பறக்கும் என் போன்றவனுக்கு அனுமதி இல்லை. அரை மணிக்கு ஒருமுறை வரும் கோவை விமான நிலைய வானிலை அறிக்கை (மெட்டார்) அதைச் சொல்லிவிடும்.

செயலிகளுக்குத் தண்ணீர் காட்டுவது சித்திரை, வைகாசி இடிமழை. செயலிகள் நம்பும் கணினிக் கணிப்புகளில் ஒன்றான ஐரோப்பிய மாடல், நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும்; ஒரு கட்டமே சுமார் 9 கிலோமீட்டர். சேர்வராயன் சரிவில் பிற்பகலில் திரளும் ஒற்றை மேகம் அந்தக் கட்டத்துக்குள் கரைந்துபோகும். நான் சந்தா கட்டியிருக்கும் இன்னொரு செயலி அப்போது ஒரு மழைத்துளிப் படம் போட்டு, 40 சதவீதம் என்று எழுதும். கொடுமுடியில் மஞ்சளை வேகவைத்துக் களத்தில் காயப்போட்டிருந்த மாமா, "மாப்பிள்ளை, சாயங்காலம் மழை வருமா?" என்று கேட்டபோது நான் அதையே ஒப்பித்தேன். "சரி, எந்த நாற்பதை அள்ளட்டும், எந்த அறுபதைக் களத்தில் விடட்டும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

என் சொந்தப் பிழையும் ஒன்று உண்டு. விமான நிலைய முன்னறிவிப்பில் 0900 முதல் 1200 வரை இடிமழை என்றிருந்தது. நண்பகலோடு ஓய்ந்துவிடும் என்று எண்ணி, இரண்டரை மணிக்குக் கிளம்பத் தயாராக நின்றேன். பயிற்சி தந்த ஆசிரியர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது யாருடைய ஒன்பது மணி?" என்று மட்டும் கேட்டார். அறிக்கை முழுக்க உலக நேரம்; நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். இடிமழை தொடங்கும் மணியே இரண்டரைதான். மூன்றே காலுக்கு ஓடுபாதையின் வடக்கே செம்மண் புழுதி சுவர்போல் எழுந்து வந்தது. காற்றுப்பை ஒரு நிமிடத்தில் திசை மாறி விறைத்து நின்றது. விமானத்தின் இறக்கைகளை இறுக்கிக் கட்டிவிட்டு நானும் ஆசிரியரும் கூரைக்கடியில் நின்றோம்.

அதன் பிறகு என் பழக்கம் மாறிவிட்டது. முந்தைய இரவு ஐரோப்பிய மாடலையும் அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாடலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போனால் காலை ஆறரைக்கே கிளம்பிப் பத்து மணிக்குள் திரும்பிவிடுவேன். முரண்பட்டால் போவதில்லை. கோடையில் தாமதமாகிவிட்டால் புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் தாமினி செயலியைத் திறப்பேன். சுற்றுவட்டாரத்தில் சற்றுமுன் விழுந்த மின்னலை அது காட்டும். அது ஆரூடம் அல்ல, நடந்த செய்தி. அதனால்தான் அதன்மேல் எனக்கு மரியாதை. கடைசி முடிவு எப்போதும் வானிலைத் துறையின் விமான அறிக்கையைப் பார்த்துத்தான்.

ஒரு சின்னத் தொல்லை: ஏப்ரல் வெயிலில் கண்ணாடியோரம் மாட்டிய போன், பவானிக்கு மேல் பறக்கும்போது சூடேறி அணைந்துவிட்டது. அன்றிலிருந்து காற்றின் திசையையும் வேகத்தையும் தொடையில் கட்டிய பலகையில் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன். சந்தாவை இந்த ஆண்டும் புதுப்பித்துவிட்டேன்; மேகத்தின் அடிமட்ட உயரத்தை அது மணிவாரியாகக் காட்டுகிறது. மழைத்துளிப் படத்தை மட்டும் முகப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.