காட்பாடி விசா கன்சல்டன்சி: ஃபார்ம் போடறதுக்கு ஓகே, அதுக்கு மேல வேணாம்

காட்பாடில மாடில இருக்கற ஒரு கடை, பேரு வேணாம். தங்கச்சி மெட்டீரியல்ஸ் சயின்ஸ்ல பிஎச்டிக்கு அமெரிக்கா போறா, எஃப்-1 ஸ்டூடன்ட் விசா, யுனிவர்சிட்டி அனுப்பற ஐ-20 அட்மிஷன் பேப்பர் வந்ததும் இங்க தான் குடுத்தோம்.

டிஎஸ்-160ங்கற ஆன்லைன் விசா ஃபார்ம் போடற பொண்ணு செம ஷார்ப்புங்க. தங்கச்சி கண்ணாடியோட எடுத்த போட்டோவ பாத்ததுமே "இத ஏத்துக்க மாட்டாங்கக்கா, கழட்டிட்டு எடுத்துட்டு வாங்க"ன்னு கீழ ஸ்டுடியோக்கு அனுப்பிச்சிடுச்சு. அந்த சைட் 20 நிமிஷம் சும்மா விட்டா வெளிய தள்ளிடும், அதனால பக்கத்துக்கு பக்கம் சேவ் பண்ணிட்டு, பாஸ்போர்ட் ஸ்பெல்லிங்க வாய்விட்டு படிச்சு படிச்சு அடிச்சுது.

ஓனர் தான் சரியில்ல. நாங்க கட்டுனப்ப செவிஸ்ங்கற ஸ்டூடன்ட் பதிவு ஃபீஸ் 350 டாலர், விசா ஃபீஸ் 185 டாலர், அவ்ளோ தான். இவரு இன்டர்வியூ தேதி புடிச்சு தர ஸ்லாட் சார்ஜ்னு தனியா ஒன்னு போடறாரு, ஸ்லாட் என்ன அவரு வீட்டு மாடிலயா காயுது, சைட்ல எல்லாருக்கும் தெரியற அதே தேதி தானே. அப்புறம் இன்ஸ்டாவ டெலீட் பண்ண சொன்னாரு. 2025 ஜூன்ல இருந்து ஸ்டூடன்ட் விசாக்கு அக்கவுண்ட பப்ளிக்கா வைக்க சொல்றாங்க, ஃபார்ம்லயே 5 வருஷத்து ஐடி எல்லாம் கேக்கறாங்க, இவரு அழிக்க சொல்றாரு! இன்டர்வியூக்கு மனப்பாடம் பண்ண ஒரு பேப்பர் வேற, அதுல வேற எவனோ போன யுனிவர்சிட்டி பேர அடிச்சுட்டு மேல பேனால இவ யுனிவர்சிட்டிய எழுதி இருக்கு.

தங்கச்சி அத தொடவே இல்ல. ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல சென்னை போயி, தன் ரிசர்ச்ச பத்தி தானா பேசுனா, 221(ஜி) ஸ்லிப் குடுத்து சிவி, பப்ளிகேஷன் லிஸ்ட் கேட்டாங்க. சயின்ஸ் ரிசர்ச்னா இந்த எக்ஸ்ட்ரா செக்கிங் சகஜம். ஸ்டேட்டஸ் பாத்தா 'ரெஃப்யூஸ்டு'ன்னு காட்டும், பயந்துடாதீங்க, 221(ஜி)னா பெண்டிங்ல இருந்தாலும் அப்படி தான் காட்டும். ஓனர் அத பாத்துட்டு "ரிஜெக்ட் ஆயிடுச்சும்மா, புதுசா போட்ரலாம்"னு மறுபடி பணம் கேட்டாரு. அம்மா அழுதுட்டாங்க. நாங்க கேட்ட பேப்பர மட்டும் அனுப்பிட்டு, லேட் ஆகுதுன்னு யுனிவர்சிட்டிக்கு மெயில் போட்டு சேர்ற தேதிய தள்ளி புது ஐ-20 வாங்குனோம், விசா வந்துடுச்சு.

3 ஸ்டார், மூனும் அந்த பொண்ணுக்கு. போறதுன்னா ஃபார்முக்கு மட்டும் பேசிட்டு போங்க, செவிஸ் நீங்களே கார்டுல கட்டி ரசீத எடுத்து வச்சுக்கோங்க.