மாத்திரை முடிந்தும் எரிச்சல்: மருந்துக்கடையா, ஆய்வகமா, அரசு மருத்துவமனையா?

பால்வினை நோய்க்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்தவரைத் தூங்கவிடாமல் செய்வது, "போய்விட்டதா, உள்ளேயே இருக்கிறதா?" என்ற சந்தேகம்தான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள் இதற்காக எங்கே போவது? என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அரசு மருத்துவமனை முதலில், ஆய்வகம் பிறகு, மருந்துக்கடை வேண்டவே வேண்டாம்.

ஆனால் பலரும் முதலில் போவது மருந்துக்கடைக்குத்தான். மற்ற வாடிக்கையாளர்கள் நகரும்வரை ஓரமாக நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டால், கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தருவார். பெயர் கேட்க மாட்டார். அந்த வசதிக்குத்தான் கூட்டம். சிக்கல் என்னவென்றால், கொனோரியா என்ற பால்வினை நோயின் கிருமி சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காமல் போய் வெகுகாலமாகிறது. மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம் என்ற கிருமியிலும் அசித்ரோமைசினுக்குக் கட்டுப்படாத வகைகள் பெருகிவிட்டன. கேட்காத மருந்தை மறுபடி விழுங்கி என்ன பயன்? அதோடு, கிருமி செத்த பிறகும் சிறுநீர்க் குழாயின் உட்புறம் ஆறச் சில நாட்கள் பிடிக்கும். சீழ் வருகிறதா என்று மணிக்கொரு தரம் பிதுக்கிப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பிதுக்கலே எரிச்சலைக் கிளப்பும்.

ஓசூரிலோ பெங்களூரிலோ தனியார் ஆய்வகத்துக்குப் போவது படித்த பிள்ளைகளின் வழி. தெரிந்த முகம் எதிர்ப்படாது, முடிவு கைபேசிக்கே வந்துவிடும். நல்ல வழிதான், நேரம் பார்த்துப் போனால். பிசிஆர் வகைச் சோதனை கிருமியின் மரபணுவைத் தேடுகிறது. செத்த கிருமியின் மிச்சத்தையும் அது பிடித்துவிடும். ஆகவே மருந்து முடிந்து நான்கு வாரமாவது ஆகாமல் எடுத்தால், குணமானவருக்கும் 'பாசிட்டிவ்' வரலாம். கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுக்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பது வீண் செலவு. எப்போதோ வந்துபோனதையும் அது காட்டும். சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் கதை வேறு. அதற்கான டிபிஎச்ஏ என்ற ரத்தச் சோதனை பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் பாசிட்டிவாகவே இருக்கும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். பார்க்க வேண்டியது விடிஆர்எல் என்ற இன்னொரு ரத்தச் சோதனையின் அளவை. 1:32 இருந்தது 1:8 ஆக, அதாவது நாலில் ஒன்றாக, இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது. அந்த இறக்கத்துக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம்.

அரசு மருத்துவமனையில் இதற்கென்றே சுகவாழ்வு மையம் உண்டு, எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம். சிகிச்சை இலவசம். குறைகள் இல்லாமல் இல்லை: வரிசை உண்டு, பெரும்பாலும் அறிகுறியை வைத்தே மருந்து தருவார்கள், பிசிஆர் எளிதில் கிடைக்காது. ஊர்க்காரர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற பயம் இவை எல்லாவற்றையும் விடப் பெரிது. அப்படியானால் தருமபுரிக்காரர் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறட்டும், கிருஷ்ணகிரிக்காரர் தருமபுரிக்கு வரட்டும்; 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணில் முன்கூட்டியே விசாரிக்கவும் செய்யலாம்.

இத்தனைக்குப் பிறகும் நான் இதையே முதலில் வைப்பது, அங்கே ஆலோசகர் கேட்கும் ஒரு கேள்விக்காக: "உங்கள் துணையும் மருந்து சாப்பிட்டாரா?" மருந்துக்கடையில் இதை யார் கேட்கப்போகிறார்கள்? லாரி ஓட்டும் கணவர் வழியிலேயே மருந்து வாங்கிச் சாப்பிட்டுக் குணமாகியிருப்பார். வீட்டில் மனைவிக்குத் தொந்தரவு எதுவும் தெரியாது. கிளமிடியா பெரும்பாலான பெண்களிடம் அறிகுறியே காட்டுவதில்லை. மனைவியிடமிருந்து கணவருக்குத் திரும்பவும் தொற்றும். மருந்து தோற்றது என்று நினைப்பதில் பல, உண்மையில் இப்படி வந்த புதுத் தொற்று. இருவரும் மருந்து எடுத்து, ஏழு நாள் உறவைத் தவிர்த்தால்தான் கணக்கு நேராகும்.

துணையும் மருந்து எடுத்த பிறகு, நான்கு வாரம் கழித்தும் பிசிஆர் சோதனை பாசிட்டிவ் என்றால், தோல் மற்றும் பால்வினை நோய் நிபுணரிடம் காசு செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது. லாட்ஜில் அறை போட்டு வரும் 'பரம்பரை வைத்தியர்' இந்த ஒப்பீட்டில் இடம் பெறத் தகுதியில்லாதவர்.

விதைப்பை வீக்கம், காய்ச்சல், பெண்களுக்கு அடிவயிற்று வலி, கர்ப்பம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் நான்கு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே டாக்டரைப் பாருங்கள். எங்கே போனாலும் முன்பு சாப்பிட்ட மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். "வெள்ளை மாத்திரை, இரண்டு வேளை" என்பதை வைத்து எந்த டாக்டராலும் அடுத்த மருந்தை முடிவு செய்ய இயலாது.