மேல்வலை மட்டும் இல்லையென்றால்: எங்கள் லேப் ஃப்ளூயிடைஸ்டு பெட்

வேறொரு கல்லூரியில் லேப் பார்க்கும் நண்பர் கேட்டார்: "லிக்விட் ஃப்ளூயிடைஸ்டு பெட் வாங்க பட்ஜெட் வந்திருக்கு, உங்க செட் எப்படி ஓடுது சார்?" கீழிருந்து மேலே தண்ணீரை ஓட்டி, குழாயில் கிடக்கும் சிறு மணிகளை மிதக்கவிடும் கருவி இது. போன வாரம்தான் அடித்தட்டு காஸ்கெட்டை மாற்றினோம். அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

பம்ப், ஓட்டத்தை அளக்கும் ரோட்டாமீட்டர் எல்லாம் குறையில்லை. தலைவலி மேலே, தண்ணீர் வெளியேறும் இடத்து வலை. பென்சாயிக் ஆசிட் மணிகள் கரையக் கரையச் சிறுக்கும், சிறுத்தவை மேலேறி வலையில் அப்பிக்கொள்ளும். ஓட்டம் தானாகக் குறையும், பெட் இறங்கும், மாணவர் வால்வைத் திருகுவார். அதுவரை எடுத்த சாம்பிள் அத்தனையும் வீண். விற்றவரைக் கேட்டால் "பெரிய கண் வலை போடுங்க" என்கிறார். போட்டுப் பார்த்தோம், மணியெல்லாம் டிரெயினுக்குப் போனது.

மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் வேறு சுடும். 25 டிகிரியில் லிட்டருக்கு 3.4 கிராம் கரைகிற ஆசிட், 30 டிகிரியில் நாலு கிராமைத் தாண்டும். அதனால் அளவு மாறுவது கருவியின் குற்றமில்லை, சரி.

ஆனால் வலை அடைக்காத நாளில் இதைப்போல மாஸ் டிரான்ஸ்ஃபர் (இங்கே, மணியிலிருந்து ஆசிட் தண்ணீருக்குள் போவது) சொல்லித்தரும் கருவி எங்கள் லேபில் வேறில்லை. வெளிவரும் தண்ணீரில் எவ்வளவு ஆசிட் என்று பார்க்க, சாம்பிள் பிங்க் ஆகும்வரை பியூரெட்டிலிருந்து காஸ்டிக் சோடா சொட்டவிடுவோம். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் முன்னைவிடக் குறைந்த காஸ்டிக்கிலேயே பிங்க் வந்துவிடும். "ஆசிட் குறைஞ்சிடுச்சே சார்" என்பார்கள். தண்ணீரின் அளவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பரிமாற்றக் கெழு (ஆசிட் எவ்வளவு வேகமாகத் தண்ணீருக்கு மாறுகிறது என்பதைச் சொல்லும் எண்) ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும். வேகம் கூடக்கூட பெட் விரிந்து மணிகள் விலகிக்கொள்வதால், இடைவெளியில் ஓடும் தண்ணீரின் வேகம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. இந்தக் கெழுவைக் கணிக்க 1977-இல் வந்த த்விவேதி–உபாத்யாய் சமன்பாட்டை எங்கள் மணி அளவுக்குப் போட்டாலும் பத்து சதவீதம் சுமார்தான் ஏறுகிறது. அதே மணிகளை அசையாமல் அடைத்து வைத்த பெட்டில் ஓட்டத்தை இரட்டித்தால் கெழு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். இரண்டு கோடுகளையும் ஒரே கிராஃபில் போட்டுக் காட்டினால் கடைசி பெஞ்சும் எழுந்து வந்து பார்க்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, இந்த மாடல் வேண்டாம் என்றே நண்பருக்குப் பதில் போட்டேன். மேல்பகுதி அகன்ற டிசைன் கேளுங்கள். அங்கே தண்ணீர் வேகம் குறைந்து பொடிமணிகள் திரும்ப விழும். அது கிடைக்காவிட்டால் பட்ஜெட்டை வேறு எதற்காவது மாற்றிவிடுங்கள்.