ஸ்பிரிங் சரி, துணிதான் சாக்கு

தொட்டில் செட்டு என்று ஆன்லைனில் 1,150 ரூபாய்க்கு வாங்கி நாலு மாதம் ஆகிறது. ஸ்பிரிங், மேலே மாட்ட ஒரு கொக்கி, ஸ்டீல் கம்பு, தைத்த துணி, நைலான் கயிறு, அவ்வளவுதான் உள்ளே. கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறவன் நான். பெட்டியைப் பிரித்ததும் ஸ்பிரிங்கைத்தான் கையில் எடுத்தேன், துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன்.

ஸ்பிரிங் விஷயத்தில் குறை சொல்ல முடியாது. வெர்னியர் வைத்துப் பார்த்தேன், கம்பி நாலு மில்லி. 15 கிலோ இரும்பைக் கட்டி ஒரு ராத்திரி பட்டறையில் தொங்கவிட்டேன். காலையில் கழற்றியதும் பழைய நீளத்துக்கே வந்து நின்றது. பிஞ்சு விரல் சிக்காமல் இருக்க உறையும் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கொக்கி வாய் திறந்த எஸ் கொக்கி. பிள்ளை உதைக்க உதைக்க ஸ்பிரிங் துள்ளும், துள்ளுகிற இடத்தில் வாய் திறந்த கொக்கி எப்போது நழுவும் என்று சொல்ல முடியாது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, வாயைக் குறுக்கே ஆணி போட்டு மூடுகிற டி ஷேக்கிள் போட்டேன். ஸ்பிரிங்குக்குள் கொஞ்சம் தளர்வாக ஒரு பருத்திக் கயிறும் விட்டுக் கட்டினேன். ஸ்பிரிங் ஒடிந்தாலும் தொட்டில் கயிற்றில் நிற்கும். இது செட்டோடு வந்திருக்க வேண்டிய சாமான், வரவில்லை.

ஃபேன் கொக்கியில் மாட்டலாம் என்று பெட்டியில் படம் வேறு. அந்தக் கொக்கி கான்கிரீட் போடும்போதே கம்பியோடு கட்டியதா, பிறகு துளை போட்டு அடித்ததா என்று தெரியாமல் மாட்டாதீர்கள். எங்கள் வாடகை வீட்டு ஹாலில் பழைய ஊஞ்சல் கொக்கி ஒன்று இருந்தது, பிழைத்தேன்.

மூணு மாதம் முடிந்து மனைவியையும் பையனையும் சின்னாளப்பட்டியிலிருந்து அத்தைதான் கொண்டுவந்து விட்டார். தொட்டிலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். துணியை உள்ளங்கையால் தேய்த்தார்.

"மாப்ள, இது என்ன சாக்கு மாதிரி இருக்கு? இதுலயா புள்ளயப் போடுவீங்க?"

பாலியஸ்டர். பக்கத்தில் வலை, அடியில் வழவழப்பு. அரைமணி நேரம் படுத்தால் முதுகு நனைந்துவிடுகிறது. அதைவிட மோசம் தையல். அடி குறுகலாக இருப்பதால் பிள்ளை வில் மாதிரி வளைந்து, தாடை நெஞ்சில் முட்டுகிறது. அந்த வயதில் தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சு தடைப்படும். நான் கவனிக்கவே இல்லை, அத்தைதான் காட்டினார்.

மறுநாள் பையிலிருந்து ஒரு பழைய சுங்குடிச் சேலையை எடுத்தார். கஞ்சி போட்டு எத்தனை வருஷம் ஆனதோ, துவைத்துத் துவைத்துப் புள்ளிகள் மங்கிப்போனது. ஐந்தரை மீட்டர் நீளத்தைப் பாதியாக மடித்து, கயிற்று வளையத்துக்குள் விட்டு, இரண்டு முனையையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டார். முடிச்சு மேலே, அடியில் இரட்டைத் துணி. பட்டு, நைலக்ஸ் எல்லாம் முடிச்சு நிற்காதாம், நழுவிவிடுமாம். பிறகு கம்பை நுழைத்து வாயை அகலப்படுத்தினார். ஸ்டீல் கம்பில் துணி வழுக்கியது. தேர்க்கடையில் விற்கிற சாயம் பூசிய கடைசல் கட்டைதான் பிடித்து நின்றது. (சொல்லியிருந்தால் நானே கடைந்திருப்பேன்.) கடைசியில் அவரே அதில் உட்கார்ந்து இரண்டு ஆட்டம் ஆடினார். முடிச்சு இறுகத்தான் அது. தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் போகவும் விடவில்லை. உள்ளே என் வேட்டி ஒன்று மடித்து விரிப்பு.

சேலை அகலம் தாராளமாக இருப்பதால் பிள்ளையைக் குறுக்காகக் கிடத்தலாம், கழுத்து மடங்காது. அப்படியும் பகலில், கண்ணெதிரே மட்டும்தான். ராத்திரிக்குப் பாய்.

ஸ்பிரிங்கை ஒரு வாரம் சேலையோடு சேர்த்து மாட்டிப் பார்த்தோம். ஒரு தட்டு தட்டினால் தானே குதிக்கும், வேலை மிச்சம்தான். ஆனால் குதிப்பு நின்றதும் பையன் முழித்துக்கொள்கிறான். கையால் ஆட்டித் தூங்கியவன் அப்படி முழிப்பதில்லை. கழற்றி வைத்தாயிற்று.

பெரியவளுக்கு ஆறு வயது. ஆள் இல்லாத நேரம் தொட்டிலுக்குள் ஏறி முறுக்கிச் சுற்றுவாள். "வெறும் தொட்டில ஆட்டாத, தம்பிக்கு வயிறு வலிக்கும்" என்று அத்தை அதட்டுவார். வயிற்று வலியோ என்னவோ, முறுக்கிய சேலை கழுத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். பிள்ளையை எடுத்ததும் தொட்டிலைச் சுருட்டி மேலே கட்டிவிடுகிறேன். பையன் குப்புற விழ ஆரம்பித்துவிட்டான், இன்னும் கொஞ்ச நாளில் மொத்தமாகவே கழற்றிவிடுவேன்.

ஐந்துக்கு இரண்டு ஸ்டார், இரண்டும் ஸ்பிரிங்குக்கு. செட்டாக வாங்காதீர்கள். வீட்டில் பழைய பருத்திச் சேலை இருந்தால் கட்டையும் கயிறும் போதும். அந்தத் துணி என்ன ஆனது என்றால், அத்தை ஊருக்குப் போகும்போது சின்ன வெங்காயம் கட்டித் தொங்கவிட எடுத்துப் போய்விட்டார். வலை இருப்பதால் அழுகவில்லையாம்.