ஊர் மாறும் குடும்பத்துக்கு இணையக் கருவிகள்: எதை எவ்வளவு நம்பலாம்?

வேறு ஊருக்குக் குடிபோவது என்று வீட்டில் முடிவானதும் முதலில் கை போவது தேடுபொறிக்குத்தான். தரவரிசைப் பட்டியல்கள், விலைவாசி ஒப்பீட்டுத் தளங்கள், வரைபடங்கள், காற்றுத்தரப் பக்கங்கள் என்று வரிசையாக வந்து நிற்கும். பெரும்பாலானவை இலவசம். ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்வதற்காகச் செய்யப்பட்டவை. குடும்பம் வாழப்போவது ஒரு தெருவில். அன்றாடம் போய்வருவது அங்கிருந்து அரை மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய ஒரு வட்டத்தில். அந்தத் தெருவைப் பற்றியும் வட்டத்தைப் பற்றியும் எவ்வளவு சொல்கிறது என்பதை வைத்தே இங்கே ஒவ்வொரு கருவியையும் எடைபோட்டிருக்கிறோம்.

தரவரிசைப் பட்டியல்கள்

செய்திகளில் அதிகம் அடிபடுவது எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்ற ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் வாழ்தகுதிக் குறியீடு. 173 நகரங்கள், ஐந்து பிரிவுகள். நிலைத்தன்மைக்கு 25 சதவீதம், பண்பாடும் சுற்றுச்சூழலும் சேர்த்து 25, மருத்துவம் 20, உள்கட்டமைப்பு 20, கல்வி 10. ஊழியரை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனங்கள் அவருக்கு எவ்வளவு சிரமப்படி (சிரமமான ஊரில் வாழ்வதற்குத் தரும் கூடுதல் தொகை) கொடுப்பது என்று கணக்கிட இது பயன்படுகிறது. நகரத்தின் மதிப்பெண் நூற்றில் 80க்கு மேல் இருந்தால் படி தேவையில்லை, 50க்குக் கீழே போனால் சம்பளத்தில் 20 சதவீதம் என்ற அளவில் அதற்கு ஓர் அட்டவணையே உண்டு.

இரண்டு பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கல்வி பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு ஒத்துவராது. விலைவாசி இந்தக் குறியீட்டில் சேரவே சேராது. நடுத்தர ஊர்களும் சிற்றூர்களும் பட்டியலில் கிடையாது. இரண்டு நகரங்களுக்கு நடுவே இரண்டு மூன்று மதிப்பெண் வித்தியாசம் இருந்தால் அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். பிரிவுவாரி மதிப்பெண் கிடைத்தால், நமக்கு முக்கியமான பிரிவில் அந்த நகரம் மிகவும் பின்தங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். ஓர் ஊரைக் கழித்துக்கட்ட இது உதவும், தேர்ந்தெடுக்க உதவாது.

விலைவாசிக்கு நம்பியோ

2009இல் தொடங்கிய நம்பியோ (Numbeo) என்ற விலை ஒப்பீட்டுத் தளத்தில் பெரும்பாலான விலைகளைப் பயனர்களே பதிவு செய்கிறார்கள். நியூயார்க்கை 100 என்று வைத்து மற்ற நகரங்களை அளக்கிறது. முதலில் கண்ணில் படும் அந்தக் குறியீட்டு எண்ணைத் தாண்டிக் கீழே போங்கள். பயனுள்ள விஷயங்கள் மூன்றும் அங்கேதான் இருக்கின்றன.

ஒன்று, பக்கத்தின் அடியில் உள்ள சிறு எழுத்து: கடந்த காலத்தில் எத்தனை பதிவுகள், எத்தனை பேர் தந்தவை, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பதிவுகள் இருந்தால் சராசரி ஓரளவு நிலைக்கும். பத்துப் பதினைந்து பேர் தந்த விலையை வைத்து மாத பட்ஜெட் போடக் கூடாது. அடுத்தது, சராசரிக்குப் பக்கத்தில் இருக்கும் வீச்சு. வாடகையில் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் மூன்று மடங்கு தள்ளி நின்றால், அந்த ஊரில் இடத்தைப் பொறுத்தே எல்லாம் என்று பொருள். மூன்றாவது, நான்கு பேர் குடும்பத்துக்கான மாதச் செலவு மதிப்பீடு. அதில் வாடகை கிடையாது. அதோடு மூன்று படுக்கையறை வீட்டின் வாடகையை, நகர மையத்துக்கு வெளியே உள்ள வரியிலிருந்து எடுத்துக் கூட்ட வேண்டும். குடும்பங்கள் பெரும்பாலும் தேடுவது அந்த வீடுகளைத்தான். மழலையர் பள்ளிக் கட்டணமும் சர்வதேசப் பள்ளிக் கட்டணமும் தனி வரிகளாக இருக்கும். பிள்ளைகளின் எண்ணிக்கையால் பெருக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே தளத்தில் உள்ள குற்றக் குறியீட்டை அப்படியே நம்பி ஊரை ஒதுக்கிவிட வேண்டாம். காவல்துறைப் பதிவுகளின் தொகுப்பு அல்ல அது. தளத்துக்கு வருவோர் நிரப்பும் கருத்துக் கேள்வித்தாளின் விடை. இரவில் தனியாக நடக்க எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறீர்கள் என்பது போன்றவைதான் கேள்விகள். பயம் எங்கே அதிகம் என்று தெரியவரும், அவ்வளவுதான்.

வரைபடங்கள்

இருப்பதிலேயே குடும்பத்துக்கு அதிகம் பயன்படுவது இதுதான். ஆனால் பெரும்பாலானோர் பாதிதான் பயன்படுத்துகிறார்கள். கூகுள் மேப்ஸில் வழி கேட்டதும் வரும் நிமிடக் கணக்கு இந்த நொடியின் நிலவரம். ஞாயிறு மதியம் சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் எல்லா ஊரும் பக்கமாகத்தான் தெரியும். புறப்படும் நேரம், சென்றுசேரும் நேரம் என்று மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. பள்ளி மணி அடிக்கும் நேரத்துக்குக் கால் மணி முன்பாகச் சென்றுசேர வேண்டும் என்று ஒரு வேலைநாளைக் கொடுத்துப் பாருங்கள். 20 முதல் 45 நிமிடம் என்பது போல ஒரு வீச்சு வரும். கணக்கில் எடுக்க வேண்டியது பெரிய எண்ணை. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே ரயில்வே கேட்டோ ஒற்றைப் பாலமோ இருந்தால் அந்தப் பெரிய எண்ணும் சில நாள் போதாது. நேர்கோட்டில் கூப்பிடு தூரமாகத் தெரியும் பள்ளி, ஆற்றுக்கு அக்கரையில் இருந்தால் சாலைவழியில் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

பிள்ளை பள்ளிப் பேருந்தில் போவதாக இருந்தால் இந்தக் கணக்கையே மறந்துவிடுங்கள். பேருந்து எத்தனை நிறுத்தம் நிற்கிறது, நம் நிறுத்தம் வரிசையில் எத்தனையாவது என்பதைப் பொறுத்து காரில் 15 நிமிட வழி பேருந்தில் முக்கால் மணி ஆகும். வழித்தடத் தாளைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்குவது ஒன்றே வழி.

அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு கருவி ஓப்பன்ரூட்சர்வீஸ். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடத்தின் தரவை வைத்து இயங்குகிறது. ஓர் இடத்தைக் குறித்து 30 நிமிடம் என்று கொடுத்தால், அங்கிருந்து அந்த நேரத்துக்குள் எட்டக்கூடிய பகுதி முழுவதையும் நிறம் தீட்டிக் காட்டும். பள்ளியைச் சுற்றி ஒன்று, வேலையிடத்தைச் சுற்றி ஒன்று, பெரிய மருத்துவமனையைச் சுற்றி ஒன்று என்று மூன்று வரைந்தால், மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில்தான் வீடு தேட வேண்டும். போக்குவரத்து நெரிசலை இது கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே காருக்கு 30 நிமிட எல்லை வேண்டுமென்றால் 20 என்று கொடுத்து வரையுங்கள். மூன்றும் எங்குமே படியவில்லை என்றால் அந்த ஊர் உங்கள் குடும்பத்துக்குச் சரிவராது. வீடு பார்க்க அலையும் முன்பே இது தெரிந்துவிடுவது பெரிய லாபம்.

பேருந்து வழி தேடி ஒன்றும் வரவில்லை என்றால் பேருந்தே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். போக்குவரத்துக் கழகம் தன் கால அட்டவணையைப் பொதுவில் தரவில்லை என்றாலும் வரைபடம் வெறுமையாகத்தான் இருக்கும். நடைவசதியை 100க்கு மதிப்பிடும் வாக் ஸ்கோர் சில நாடுகளுக்கே கிடைக்கிறது. ஐந்து நிமிட நடையில் உள்ள கடைக்கு முழு மதிப்பெண், அரை மணி தாண்டினால் பூஜ்யம் என்பது அதன் அடிப்படை. நிழல் உண்டா, நடைபாதையை வண்டிகள் அடைத்துக்கொண்டு நிற்கின்றனவா என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. அதற்கு கூகுள் மேப்ஸில் தெருக்களின் படங்களைக் காட்டும் ஸ்ட்ரீட் வியூவைத் திறக்க வேண்டும்.

ஸ்ட்ரீட் வியூவில் படம் எடுத்த மாதமும் ஆண்டும் ஓரத்தில் இருக்கும். பல இடங்களில் பழைய ஆண்டுகளின் படங்களுக்கும் போகலாம். தெருவின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை மெதுவாக நகர்த்தி, கீழிருந்து மேலாகப் பாருங்கள். வாசல்படி சாலையைவிடத் தாழ்ந்து கிடக்கிறதா? சுற்றுச்சுவர்களில் ஒரே உயரத்தில் கறை ஓடுகிறதா? புதிதாகக் கட்டிய வீடுகளெல்லாம் பழைய வீடுகளைவிட இடுப்பளவு மேடாக எழும்பி நிற்கின்றனவா? மூன்றும் சேர்ந்து தெரிந்தால் அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது. கடைகளுக்கு வெளியே வரிசையாக ஜெனரேட்டர் என்றால் மின்சாரம் அடிக்கடி போகும் ஊர். வீட்டு வாசல்களில் பீப்பாய்களும் தெருவில் தண்ணீர் லாரியும் இருந்தால், வாடகை ஏன் குறைவு என்பதற்கு விடை கிடைத்துவிட்டது.

வெள்ளத்துக்கு ஒரு தனிக் கருவி

குளோபல் சர்ஃபேஸ் வாட்டர் எக்ஸ்ப்ளோரர் என்று ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் நடத்தும் இலவச வரைபடம். 1984 முதலான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை அலசி, எங்கெங்கே எத்தனை முறை தண்ணீர் தெரிந்தது என்று காட்டுகிறது. இன்று மனைப்பிரிவாக இருக்கும் இடம் முப்பது ஆண்டுக்கு முன்பு ஏரிக்கரையா, ஏரியின் நடுவயிறா என்பது தெரியும். வீடு வாங்கப் போகிறவர்கள் இதைப் பார்க்காமல் முன்பணம் தரவே கூடாது.

குறைகளும் உண்டு. வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் 30 மீட்டர் சதுரம்; ஆகவே ஒடுங்கிய ஓடைகளும் கால்வாய்களும் தப்பிவிடும். லேண்ட்சாட் ஒன்று அதே இடத்துக்குத் திரும்பி வர 16 நாள் ஆகும். வெள்ளம் வரும் நாளில் மேகமும் மூடியிருக்கும். எனவே ஒரு நாள் நின்று வடிந்த தண்ணீர் பதிவாகாமல் போகலாம். நிறம் இருந்தால் நிச்சயம் எச்சரிக்கை. நிறம் இல்லையென்றால், ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. பாசன வயல்களும் பருவகாலத் தண்ணீராகத் தெரியும், அதை ஏரி என்று எண்ணிவிட வேண்டாம்.

காற்றும் குடிநீரும்

காற்றுத்தரப் பக்கங்களில் வண்ணத்தைப் பார்க்காமல் மைக்ரோகிராமைப் பாருங்கள். நாட்டுக்கு நாடு குறியீட்டு அளவுகோல் வேறு. ஒரே காற்றுக்கு ஒரு தளம் மஞ்சள் காட்டும், இன்னொன்று ஆரஞ்சு காட்டும். பிஎம் 2.5 எனப்படும் மிக நுண்ணிய துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த வழிகாட்டு அளவு ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், ஒரு நாளுக்கு 15. வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் ஆண்டுச் சராசரியோடு நிற்காமல் மிக மோசமான மாதத்தின் அளவைப் பாருங்கள். அருகிலுள்ள நிலையம் எவ்வளவு தூரம் என்பதும் முக்கியம். நிலையமே இல்லாத ஊருக்கும் வரைபடம் ஓர் எண்ணைக் காட்டும். அது கணித மாதிரியின் மதிப்பீடு. வீடுகளில் மாட்டும் மலிவான சென்சார்கள் ஈரப்பதம் ஏறினால் கூட்டிக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குடிநீருக்கு இணையத்தில் நம்பத்தக்க ஒரே கருவி என்று ஒன்று கிடையாது. நிலத்தடி நீரை நம்பிய இடமென்றால் ஆய்வகச் சோதனை எடுங்கள். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் மட்டும் போதாது: லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சுவை சரியாக இருக்கும் என்பதைத் தவிர அது பெரிதாக எதையும் சொல்லாது. கைக்குழந்தை இருக்கும் வீடு நைட்ரேட் 50 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பல் முளைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு ஃபுளோரைடு 1.5ஐத் தாண்டக் கூடாது.

கருவிகள் கைவிடும் இரண்டு இடங்கள்

பள்ளியும் மருத்துவமனையும். இரண்டுக்கும் நட்சத்திர மதிப்பீடு ஏராளம், பயன் சொற்பம். பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு பாதி வீட்டுச் சூழலின் கதை. அதைவிட வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கையைக் கேளுங்கள். பொதுத்தேர்வு வகுப்புக்கு முந்தைய வகுப்பில் 120 பேர், தேர்வு வகுப்பில் 85 பேர் என்றால், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை அந்தப் பள்ளி முன்கூட்டியே வெளியே தள்ளுகிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். நடு ஆண்டில் இடம் உண்டா, வயது கணக்கிடும் தேதி எது, இரண்டாம் மொழி மாறினால் பிள்ளைக்குத் துணைவகுப்பு உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் பள்ளி தேடுவதுதான் ஊர் மாறும் குடும்பங்களை அதிகம் அலைக்கழிக்கும் தலைகீழ் வரிசை. பள்ளியில் இடம் உறுதியான பிறகே வீடு.

மருத்துவமனைப் பக்கத்தில் '24 மணி நேரம்' என்று இருப்பது வாசல் திறந்திருப்பதை மட்டுமே சொல்லும். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். பெரியவர்கள் கூட வருகிறார்கள் என்றால் தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இரவு இரண்டு மணிக்கு சிடி ஸ்கேன் எடுக்க ஆள் மருத்துவமனையிலேயே இருக்கிறாரா, வீட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமா?

இடமாற்ற ஆலோசகர்களும் சோதனைக் குடியிருப்பும்

வீடு, பள்ளி, பதிவு வேலை எல்லாவற்றையும் பார்த்துத் தருகிறோம் என்று சொல்லும் சேவைகளில், காகித வேலைக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீணாவதில்லை. வீடு காட்டும் வேலையில்தான் கவனம் தேவை. வீட்டுக்காரரிடமும் தரகு வாங்குகிறார்களா என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள்; வாங்கினால் அவர்கள் காட்டும் ஐந்து வீடுகள் அந்தத் தரகு வரும் ஐந்து வீடுகள். ஏற்கெனவே நீங்கள் வரைந்த மூன்று வட்டங்கள் படியும் பகுதியைக் கொடுத்து, அதற்குள் மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

பணத்தை எங்காவது செலவழிப்பதென்றால் அதே பகுதியில் ஒரு வாரம் தற்காலிக வாடகைக்கு இருப்பதில் செலவழியுங்கள். போக வேண்டியது ஊரின் மோசமான பருவத்தில், பள்ளி நடக்கும் வாரத்தில். பள்ளி நேரத்தில் அந்த வழியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் குழாயடியில் 10 லிட்டர் வாளியை வைத்து நேரம் பாருங்கள்; நிரம்ப ஒரு நிமிடத்தைவிட வெகுநேரம் ஆனால் ஷவருக்குத் தண்ணீர் வரத்து போதாமல் போகலாம். பல ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அமைப்புகளில் சிக்னல் அளவு டிபிஎம் என்ற அலகில் இருக்கும்: மைனஸ் 90ஐ ஒட்டி என்றால் நல்லது, மைனஸ் 110ஐவிடக் கீழே போனால் வீட்டுக்குள் பேச்சு அறுந்துபோகலாம். வேலை செய்யப்போகும் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு பாருங்கள், பால்கனியில் அல்ல. வாடகை ஒப்பந்தம் போடும்போது முதல் ஆண்டுக்குள் காலி செய்ய வேண்டி வந்தால் எத்தனை மாத முன்னறிவிப்பு, முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற வரியைக் கண்டிப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.