விழுங்க முடியாதவருக்கு வைக்கும் உணவுக்குழாய் ஸ்டென்ட்: எங்கள் அனுபவம்

அப்பாவுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையில் வைத்த மெட்டல் ஸ்டென்ட் பற்றி எழுதுகிறேன். இது கட்டியைக் கரைக்காது, ஆயுளைக் கூட்டுவதற்காக வைப்பதும் இல்லை. ஆனால் எச்சில்கூட இறங்காமல் துப்பிக்கொண்டே இருக்கிற ஒருவர் மறுபடி வாய்வழியாகச் சாப்பிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அந்த வேலையை இது நன்றாகவே செய்கிறது.

நைட்டினால் என்ற உலோகக் கம்பியால் பின்னிய குழாய் இது. சுருக்கி வைத்ததை எண்டோஸ்கோபி மூலம் அடைப்புக்குள் கொண்டுபோய் விடுவிக்கிறார்கள், ஓரிரு நாளில் நன்றாக விரிந்துவிடும். அப்பா மறுநாளே தண்ணீர் குடித்தார், அப்புறம் குழைவான சாப்பாடும் இறங்கியது.

குறை என்றால், விரியும்போது நெஞ்சில் நல்ல வலி இருக்கும் என்பதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, மாரடைப்போ என்று பதறிவிட்டோம். வலி மாத்திரையை முதலிலேயே கேட்டு வாங்கி வையுங்கள். சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான்: ஸ்டென்ட் உணவைத் தானாகக் கீழே தள்ளாது, அதனால் ரொட்டி, இறைச்சித் துண்டு, நார் உள்ள காய் எல்லாம் சிக்கிக்கொள்ளும். நிமிர்ந்து உட்கார்ந்து, நன்றாக மென்று, நடுநடுவே தண்ணீர் குடிக்க வேண்டும். ஸ்டென்ட் இரைப்பை வாய் வரை போனால் அமிலம் மேலே வரும், தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கவும் அமிலம் குறைக்கும் மாத்திரைக்கும் டாக்டரிடம் கேளுங்கள்.

எந்த வகை வைக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். கம்பிகளின்மேல் மூடும் உறையில்லாததில் கட்டி கம்பிகளுக்கு இடையே வளர்ந்து மறுபடி அடைக்கும், முழு உறை உள்ளது நழுவ வாய்ப்பு அதிகம். மூச்சுக்குழாயோடு ஓட்டை விழுந்திருந்தால் உறை போட்டதுதான் சரி.

இன்னும் பல மாதங்கள் இருப்பார் என்று டாக்டர் நினைத்தால், உள்ளிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு, அதாவது பிராக்கிதெரபி பற்றியும் பேசுங்கள். 2004-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் ஒரே தடவை 12 கிரே (கதிர்வீச்சின் அளவு) கொடுத்தவர்களுக்கு, ஸ்டென்ட் வைத்தவர்களைவிடப் பலன் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் நீண்ட நாள் நிலைத்தது, சிக்கல்களும் குறைவு. நாள் குறைவு, உடனே விழுங்க வேண்டும் என்றால் நான் ஸ்டென்ட்டைத்தான் சொல்வேன்.

திடீரென்று மறுபடி எதுவுமே இறங்கவில்லை என்றால் வற்புறுத்தி ஊட்டாதீர்கள், புரையேறிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிக்கிய உணவை எண்டோஸ்கோபியில் எடுத்துவிடலாம், கட்டி வளர்ந்திருந்தால் பெரும்பாலும் உள்ளேயே இன்னொரு ஸ்டென்ட் வைக்கவும் முடியும்.